ஞாயிற்றுக்கிழமைப் பிழைகள்

கட்டுமாவடி
2 பிப்ரவரி 2025

அன்பு மகள் வைஷ்ணவிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நான், உன் அம்மா, எட்டு வயதான என் லேப்டாப் மூவரும் சுகம். லேப்டாப்புக்கு மட்டும் நாலு ஜன்னலைச் சேர்ந்தாற்போல் திறந்தால் மூச்சிரைக்கிறது. பெங்களூர்க் குளிரில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

"தினம் போன்ல பேசுற புள்ளைக்கு எதுக்குங்க மெயிலு?" என்றும் கேட்டாள். போனில் பேசுவது அவள்தான். நீங்கள் இருவரும் சாம்பாரில் தொடங்கி சுகுணா சித்தி வீட்டு வளைகாப்பில் முடிக்கும்போது எனக்கு மிஞ்சுவது "அப்பா நல்லாருக்காங்களா, சரி வச்சிர்றேன்" மட்டும். அதனால் போன் அவளுக்கு, மெயில் எனக்கு என்று பாகம் பிரித்தாகிவிட்டது. ஆயுசெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவனுக்குச் சொந்த வீட்டில் போன் கிடையாது, பார்த்துக்கொள்.

இந்த வாரம் பேப்பரைப் பிரித்தால் சீனாக்காரன் விட்ட புது ஏ.ஐ. மாடல்தான். அமெரிக்கப் பங்குச்சந்தையே ஆடிப்போனதாம். எல்லோரும் காசுக்கு விற்கிற சரக்கை ஒருத்தன் கொண்டுவந்து நடுத்தெருவில் சும்மா வைத்துவிட்டுப் போனால் கடைக்காரனுக்கு வயிறு எரியாதா? நானும் அதனிடம் பேசிப் பார்த்தேன். கட்டுமாவடியில் என்ன விசேஷம் என்று கேட்டேன். அழகான மலை இருக்கிறது, மேலே பழைய கோவில் இருக்கிறது என்றது. புதுக்கோட்டைப் பக்கத்து நார்த்தாமலையை இழுத்து வந்து கடலோரத்தில் வைத்துவிட்டது பாப்பா! அது சொன்ன தோரணையில், எதற்கும் ஒருமுறை வெளியே போய்ப் பார்த்துவிடலாமா என்று எனக்கே தோன்றியது.

நீயும் நானும் சேர்ந்து எழுதின நம் குடுகுடுப்பை புரோகிராமுக்கு மறுபடியும் கோளாறு. பேப்பரில் வரும் மின்தடை அறிவிப்பைப் படித்து, மறுநாள் எந்தத் தெருவில் கரண்ட் இருக்காது என்று ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் முதல் நாளே சொல்வதுதானே அதன் வேலை? இப்போது செவ்வாய்க்கிழமை போன கரண்ட்டைப் புதன்கிழமை சொல்கிறது. நடந்து முடிந்ததைச் சொல்கிற குடுகுடுப்பைக்காரனுக்கு எவன் பழைய சட்டை கொடுப்பான்? ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்துக் கொடு.

தினமும் காலையில் டீயோடு பேப்பர், பேப்பர் முடிந்ததும் இன்டர்நெட்டில் உன் பக்கம். உன் கம்பெனி எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிற திட்டத்திலோ நம் குடுகுடுப்பையிலோ நீ கம்ப்யூட்டர் கோடு எழுதின நாளுக்கெல்லாம் உன் பெயருக்கு நேரே ஒரு பச்சைக் கட்டம் விழுகிறதே, அதை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் குளிக்கப் போகிறேன். பாதிக்கு மேல் புரியவில்லை. இருந்தாலும் படிக்கிறேன்.

ஆசிகளுடன்,
அப்பா குழந்தைசாமி


பெங்களூர்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். எண்ணெய் வைக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். வைக்கவில்லை என்பது நமக்குள் இருக்கட்டும்.

குடுகுடுப்பையைச் சரி செய்துவிட்டேன். தேதியை ஒப்பிடும் இடத்தில் மின்தடைத் தேதியிலிருந்து ஒரு நாளைக் கழிப்பதற்குப் பதில் கூட்டியிருந்தீர்கள். எக்ஸ்சேஞ்சில் எப்படி அப்பா பில் போட்டீர்கள்?

உள்ளே போனபோது நம் பழைய வரி கண்ணில் பட்டது. கஜா புயலில் கம்பமெல்லாம் சாய்ந்த பிறகு, நம் மேலத்தெருவுக்கு மட்டும் தெற்கு சப்-ஸ்டேஷனிலிருந்து லைன் இழுத்தார்களே, அதற்காக நான் எழுதினது. ஊரின் மற்றத் தெருவெல்லாம் வடக்கு சப்-ஸ்டேஷனில் இருப்பதால் பேப்பரில் நம் ஊர்ப் பெயர் வடக்கு அறிவிப்பில் மட்டும்தான் வரும். "தெற்கில் வேலை நடந்தால் மேலத்தெருவுக்கும் சேர்த்துச் சொல்" என்று ஒரே ஒரு வரி. அசிங்கமான வரிதான், ஆபீஸில் எழுதினால் திட்டுவார்கள். ஆனால் நான் எழுதினதிலேயே எனக்குப் பிடித்த வரி அதுதான்.

ஆபீஸில் எங்களுக்கும் கோடு எழுதுகிற மெஷினைக் கொடுத்திருக்கிறார்கள். எல்லோரும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தினம் ஒரு மீட்டிங். மெஷின் நன்றாகத்தான் எழுதுகிறது அப்பா, பொய் சொல்லக் கூடாது. மேலே இருப்பவர்கள் ரொம்ப உற்சாகமாக இருக்கிறார்கள். அவர்கள் உற்சாகமானால் நாங்கள் எங்கள் பயோடேட்டாவைத் தூசி தட்டுவோம்.

மலையைப் போய்ப் பார்த்தீர்களா? போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
வைஷ்ணவி


கட்டுமாவடி
6 ஏப்ரல் 2025

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா என்பது அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. மார்ச்சில் நான் போட்ட இரண்டு மெயிலுக்கும் பதில் இல்லை. கேட்டால், "புள்ளைக்கு வேலை ஜாஸ்தி, தொணதொணக்காதீங்க" என்கிறாள்.

சொல்ல இரண்டு சேதி இருக்கிறது. முதல் சேதி, நானும் கோடு எழுதுகிற அந்த மெஷினை லேப்டாப்பில் ஏற்றிவிட்டேன்! குடுகுடுப்பை எழுத்தாக அனுப்பினால் போதாது, குரலாகவும் சொல்ல வேண்டும் என்று தமிழிலேயே கேட்டேன். டீ ஆறுவதற்குள் எழுதிவிட்டது பாப்பா. நம் தெரு ரம்லத் பீவி அக்காவுக்குக் கண் மங்கிவிட்டதல்லவா, அவர் இப்போது காதில் கேட்டுக்கொள்கிறார். "கரண்டு போறதுக்கு முன்னாடி ஒருத்தி வந்து சொல்லிட்டுப் போறா தம்பி, யாரு பெத்த புள்ளையோ" என்று சிரிக்கிறார். இனி ஒவ்வொரு பிழைக்கும் உன் பிராணனை வாங்க மாட்டேன். உன் ஞாயிற்றுக்கிழமையை உனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். நன்றாகத் தூங்கு.

இரண்டாவது சேதியை நீதான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் அப்பாவுக்குத் தெரியாதா? மூன்று வாரமாக உன் பெயருக்கு ஒரு பச்சைக் கட்டம்கூட விழவில்லை. காய்ச்சலோ என்று பயந்தேன், இல்லையென்றாள் அம்மா. லீவும் இல்லை. அப்புறம்தான் பொறி தட்டியது. மேனேஜர் ஆகிவிட்டால் கோடு எழுத மாட்டார்கள், காலையிலிருந்து சாயங்காலம்வரை மீட்டிங்கிலேயே உட்கார்ந்திருப்பார்கள் என்று நீதானே முன்னொரு நாள் உன் மேனேஜரைத் திட்டினாய்? கள்ளி! பிரமோஷனை மறைக்கிறாயா?

என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. நாலு வீடு தள்ளி மீன் வியாபாரம் செய்கிற ராஜா முகமதுவிடம் சொன்னேன். அவனிடம் சொன்னால் மைக் செட் போட்டுச் சொன்ன மாதிரி. "நம்ம பாப்பா மேனேஜரா!" என்று ஏலக் கூடத்தில் நின்று கத்திவிட்டான். அம்மா தெருவுக்கே கேசரி கிண்டினாள். முந்திரி நான் வாங்கிவந்தது.

பெருமையுடன்,
அப்பா


வரைவு – அனுப்பப்படவில்லை
7 ஏப்ரல் 2025

அப்பா,

நான் மேனேஜர் ஆகவில்லை. எனக்கு வேலை போய்விட்டது.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டு எங்கள் டீமையே எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். நாங்கள் செய்த வேலையை இனிமேல் மெஷினும் இரண்டு ஆட்களும் பார்த்துக்கொள்வார்களாம். சாயங்காலத்துக்குள் லேப்டாப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பச்சைக் கட்டம் விழாததற்கு அதுதான் காரணம்.

அவர்கள் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. சரி, வேறு வேலை தேடுவோம் என்றுதான் எழுந்து வந்தேன். உன் ஞாயிற்றுக்கிழமையை உனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தபோதுதான் அழுதேன். ஆபீஸுக்கு நான் வேண்டாம், சரி. குடுகுடுப்பைக்குமா வேண்டாம்?

கேசரி வேறு கொடுத்திருக்கிறீர்கள். இதை எப்படி


பெங்களூர்
12 ஏப்ரல் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம். மெயிலுக்குப் பதில் போடாததற்கு மன்னியுங்கள், வேலை அதிகம்.

ஆபீஸ் விஷயத்தை ஊரில் யாரிடமும் பேச வேண்டாம் அப்பா. ப்ளீஸ். குரல் வசதி நன்றாக இருக்கிறது, கேட்டேன். வெயிலில் அலையாதீர்கள்.

வைஷ்ணவி


கட்டுமாவடி
15 ஜூன் 2025

அன்பு மகள் மேனேஜர் அம்மாவுக்கு,

அடக்கம் நல்லதுதான், அதற்காக நாலு வரியா? உன் மெயிலைவிட ரேஷன் கடை எஸ்.எம்.எஸ் நீளமாக வருகிறது. நாங்கள் சுகம். அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி, தைலத்தில் ஓடுகிறது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்விட்டன. ராஜா முகமது முகத்தில் மறுபடி சிரிப்பு வந்திருக்கிறது.

அக்டோபரோடு விண்டோஸ் பத்துக்கு ஆதரவை நிறுத்துகிறார்களாமே. ஓடுகிற மெஷினை எதற்குத் தூக்கிப் போட வேண்டும்? பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற ஷர்லியிடம் போய் ஒரு மணி நேரம் பேசி, அவள் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் சும்மா கிடைக்கிற லினக்ஸை ஏற்றிக் கொடுத்தேன். உலகத்தையே விடுதலை பண்ணிவிட்ட மாதிரி வீட்டுக்கு வந்து படுத்தால், உடனே போன். "சார், என் மஞ்சள் ஃபோல்டரெல்லாம் நீலமாயிருச்சு சார், இங்க பத்துப் பேரு நிக்கிறாங்க, வாரீங்களா இல்லையா?" ஓடினேன். சுதந்திரம் வாங்கிக் கொடுத்தவனுக்கு எந்தக் காலத்தில் மரியாதை இருந்திருக்கிறது, சொல்லு.

குடுகுடுப்பையையும் மெஷினைக் கொண்டு முழுசாகச் சுத்தம் செய்தேன். நீயும் நானும் வருஷக்கணக்கில் ஒட்டுப் போட்டது அல்லவா, பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது. முடித்துவிட்டு, "உங்கள் திட்டம் மிகவும் அருமையானது, மக்களுக்கு உண்மையாகவே பயன்படக்கூடியது" என்று ஒரு பாராட்டு வேறு. என் சர்வீஸில் எந்த அதிகாரியும் என்னிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தச் சந்தோஷத்தில் கேட்டதற்கெல்லாம் "சரி, சரி" என்று அழுத்திவிட்டேன். ஜம்மென்று ஓடுகிறது.

ஒரு நாளைக்கு எத்தனை மீட்டிங்? எழுது.

ஆசிகளுடன்,
அப்பா


பெங்களூர்
22 ஜூன் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம். இங்கே மழை. அம்மாவை டாக்டரிடம் காட்டுங்கள், தைலத்தை நம்பி இருக்க வேண்டாம்.

மெஷின் எதையெல்லாம் நீக்கியது என்று படித்துப் பார்த்துத்தானே அழுத்தினீர்கள்? நேரம் கிடைத்தால் நானும் ஒருமுறை பார்க்கிறேன்.

ரூம் மாறிவிட்டேன். ஒரு தோழியோடு சேர்ந்து இருக்கிறேன். பழைய அட்ரஸுக்குக் கருவாடு அனுப்ப வேண்டாம்.

வைஷ்ணவி


கட்டுமாவடி
3 ஆகஸ்ட் 2025

அன்பு மகளுக்கு,

சுகம். நீ? புது அட்ரஸைக் கேட்டு நான் போட்ட மெயிலுக்கு இன்னும் பதில் வரவில்லை. கருவாடு டப்பாவில் காத்துக்கொண்டிருக்கிறது.

பேப்பரைத் திறந்தாலே இறக்குமதி வரி, இறக்குமதி வரி என்று அமெரிக்கச் செய்திதான். அங்கே ஒருவர் கையெழுத்துப் போட்டால் இங்கே இறால் பண்ணை வைத்திருக்கிற மலையாண்டிக்குத் தூக்கம் போகிறது. "நான் அவுகளுக்கு என்ன சார் பண்ணுனேன், இறாலுதானே வளத்தேன்?" என்று என்னிடம் கேட்கிறான். நானா வரி போட்டேன்?

இன்னொரு செய்தியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி ஆயிரக்கணக்கில் ஆட்களைக் குறைக்கிறதாம். மெஷின் வந்ததும் ஒரு காரணம் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஒன்று தெரிய வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எக்ஸ்சேஞ்சில் வரிசையாக ஆப்பரேட்டர் பெண்கள் உட்கார்ந்து ஒவ்வொரு லைனாகக் கையால் இணைப்பார்கள். தானாக இணைக்கிற கருவி வந்த அன்று எங்களுக்கு ஒரே கொண்டாட்டம், லட்டு கொடுத்தோம். அந்தப் பெண்கள் லட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அவர்களை வேறு சீட்டில் உட்கார வைத்தார்கள். பில்லிங், விசாரணை என்று ஏதோ ஒரு சீட். இந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு வேறு சீட் எங்கே இருக்கிறது? உள்ளேயிருந்து பார்க்கிறவள் நீ, விளக்கமாக எழுது.

நல்லவேளை, நீ அனுப்பப்படுகிற பக்கம் இல்லை. யாரையாவது நீ அனுப்ப வேண்டி வந்தால் மெயிலில் சொல்லாதே பாப்பா. எதிரே உட்கார வைத்து, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுச் சொல்லு.

சுகுணா சித்தி மகன் விக்ரமின் பயோடேட்டாவை இத்துடன் இணைத்திருக்கிறேன். "அக்கா மேனேஜர்தானே பெரியப்பா, ஒரு வார்த்தை சொன்னா போதும்ல" என்று தினம் வந்து நிற்கிறான். உன்னால் முடிந்ததைச் செய்.

அப்பா


கட்டுமாவடி
31 ஆகஸ்ட் 2025

வைஷ்ணவிக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும்.

வியாழக்கிழமை காலையில் நம் தெருவில் கரண்ட் போனது, சாயங்காலம்தான் வந்தது. தெற்கு சப்-ஸ்டேஷனில் பராமரிப்பு. முந்தின நாள் பேப்பரிலேயே அறிவிப்பு இருந்தது. குடுகுடுப்பை வாயைத் திறக்கவில்லை.

அறந்தாங்கியில் ஒரு கல்யாண விருந்துக்காக ராஜா முகமது அன்று காலையில்தான் வஞ்சிரம் வாங்கி ஃப்ரீசர் நிறைய அடுக்கியிருக்கிறான். கரண்ட் போகும் என்று தெரிந்தால் முதல் நாளே ஐஸ் சொல்லி வைத்துவிடுவான், அது அவன் வழக்கம். குடுகுடுப்பைதான் ஒன்றும் சொல்லவில்லையே என்று தைரியமாகக் கோட்டைப்பட்டினத்துக்கு நண்டு எடுக்கப் போய்விட்டான். அவன் மனைவி பாசிலா மத்தியானம் பார்த்தபோது ஃப்ரீசருக்கு அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததாம். பதறிப்போய் ஐஸுக்கு ஆள் விட்டிருக்கிறாள், கிடைக்கவில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் வேறு இடத்தில் மீன் எடுத்துக்கொண்டார்கள்.

நான் போய் நின்றேன். அவன் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "மீனு போனாப் போகுதுண்ணே. நம்ம பாப்பா பாத்துக்கிட்ட வரைக்கும் இது நம்மளை இப்படிக் கைவிட்டதில்லை. இப்ப யாருண்ணே பாக்குறது?" என்று கேட்டான்.

வீட்டுக்கு வந்து பழைய மாற்றங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எந்த வரியை யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு மாற்றினார்கள் என்று எல்லாம் அதில் பதிவாகி இருக்கிறது. உன் வரி கிடைத்தது. அதற்கு மேலே நீ எழுதியிருந்த குறிப்பும் கிடைத்தது: "கஜாவுக்கு அப்புறம் மேலத்தெருவுக்கு கரண்ட் தெற்கேயிருந்து வருது. பேப்பர்ல வராது. அப்பாவைக் கேக்காம இதை அழிக்காதே."

மெஷினைத் திட்டலாம் என்று அதோடு பேசினதையும் எடுத்துப் பார்த்தேன். வெட்கக்கேடு! அது கேட்டிருக்கிறது பாப்பா. "இந்த வரி எந்த அறிவிப்போடும் பொருந்தவில்லை. ஆனால் அப்பாவைக் கேட்காமல் அழிக்கக் கூடாது என்று குறிப்பு இருக்கிறது. நீக்கலாமா?" என்று தெளிவாகக் கேட்டிருக்கிறது. அந்த அப்பா நான்தான். அருமையான திட்டம் என்ற பாராட்டை மட்டும் படித்துவிட்டு "சரி" என்று அழுத்தியிருக்கிறேன். நீக்கியவர் பெயர் குழந்தைசாமி என்றுதான் போட்டிருக்கிறது.

வரியைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். ஆனால் மனசு ஆறவில்லை. நீ கூட இருந்திருந்தால் "அப்பா, கொஞ்சம் நில்லுங்க" என்றிருப்பாய். உன்னை ஏன் கேட்காமல் விட்டேன் என்று யோசித்தபடி உன் பழைய மெயில்களைப் படித்தேன். பிப்ரவரி வரைக்கும் என்னைக் கிண்டல் பண்ணிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். ஏப்ரலிலிருந்து தந்திதான். அதற்கு முன்னால் நான் என்ன எழுதினேன் என்று தேடிப் படித்தேன். உன் ஞாயிற்றுக்கிழமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறேன்.

அதில்தான் கோபமா பாப்பா? ரூம் ஏன் மாறினாய்? உடம்பு எப்படி இருக்கிறது? இந்த முறை நானாக எதையும் யோசித்துக்கொள்ள மாட்டேன். நீ சொல்லு.

அப்பா


பெங்களூர்
7 செப்டம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. கோபமும் இல்லை. ராஜா முகமது மாமாவையும் பாசிலா மாமியையும் நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது. மெஷின் நீக்கியதைப் பார்க்கிறேன் என்று ஜூனில் எழுதியவள் நான். பார்க்கவில்லை. குடுகுடுப்பையைத் திறக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

மெஷினாவது உங்களைக் கேட்டது, நீங்கள் படிக்கவில்லை. நான் உங்களிடம் சொல்லவே இல்லை. கட்டம் விழவில்லை என்பதை மட்டும் வைத்துக்கொண்டு நீங்கள் வேறு எதைத்தான் நினைத்திருப்பீர்கள்?

இதற்குக் கீழே இருப்பது ஏப்ரல் ஏழாம் தேதி எழுத ஆரம்பித்தது. இத்தனை மாதமாக அனுப்பாமல் கிடந்தது. பாதியில் நிற்கிறது, அப்படியே அனுப்புகிறேன். மீதியை எழுத எனக்கு இன்னும் தெரியவில்லை.

வேலை தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். இன்டர்வியூவுக்குப் போகிறேன், கூப்பிடுகிறோம் என்கிறார்கள், கூப்பிடுவதில்லை. வேறு சீட் எங்கே என்று கேட்டிருந்தீர்கள். எனக்கும் அதுதான் அப்பா தெரிய வேண்டும்.

விக்ரமிடம் மட்டும் ஏதாவது சொல்லிச் சமாளியுங்கள்.

வைஷ்ணவி


கட்டுமாவடி
20 செப்டம்பர் 2025

என் தங்கத்துக்கு,

உன் மெயிலைப் படித்ததும் வாழ்க்கையில் முதல் தடவையாக அம்மா கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். நீ "ஹலோ" என்றாய். திருப்பி அவளிடமே கொடுத்துவிட்டேன். அதனால்தான் அன்று லைனில் யாரும் பேசாமல் இருந்தது. சிக்னல் கோளாறு இல்லை.

அம்மாவிடம் மெல்லச் சொல்லலாம் என்று நாலு நாள் ஒத்திகை பார்த்தேன். சொன்னால், "மே மாசமே எனக்குத் தெரியும்" என்கிறாள்! "காலையில பத்து மணிக்கு போன் அடிச்சா மொத ரிங்குலயே எடுக்குறா. எந்த ஆபீசுல இருக்குற புள்ளை அப்படி எடுக்கும்? சொல்றப்ப சொல்லட்டும்னு இருந்தேன்." நான் கட்டத்தை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறேன், அவள் ரிங்கை எண்ணியிருக்கிறாள். ஏன்டி என்னிடம் சொல்லவில்லை என்றேன். "நீங்க ஊருக்கே சொல்லிருவீங்க" என்றாள்.

ஊருக்குச் சொன்னது நான், அதனால் நானே திருத்தினேன். குரூப்பில் இப்படிப் போட்டேன்: "திருத்தம். என் மகள் வைஷ்ணவி மேனேஜர் ஆகிவிட்டாள் என்று ஏப்ரலில் நான் சொன்னது தவறு. அவளைக் கேட்காமல் நானாக நினைத்துக்கொண்டது. வருந்துகிறேன். குழந்தைசாமி." மற்ற எதையும் எழுதவில்லை. அதைச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். ராஜா முகமதுவின் பதில் உடனே வந்தது: "கேசரியத் திருப்பித் தர முடியாதுண்ணே." மீன் போன கவலையிலேயே இருந்தவன், வெகு நாள் கழித்து அன்றுதான் சிரித்தான். விக்ரம் மட்டும் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

லட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற பெண்களைப் பற்றி நான் உனக்கே எழுதியிருக்கிறேன். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுச் சொல்லு என்று உனக்கே புத்திமதி சொல்லியிருக்கிறேன். அதையெல்லாம் நீ தனியாக உட்கார்ந்து படித்திருக்கிறாய். வேறு சீட் எங்கே என்று எனக்கும் தெரியவில்லை பாப்பா. பேப்பரில் எழுதுகிறவர்களுக்கும் தெரியவில்லை, தெரிந்த மாதிரி எழுதுகிறார்கள். தீபாவளிக்கு வா. இங்கிட்டு இருந்தும் தேடலாம், நம் இன்டர்நெட் லைன் பரவாயில்லை.

அப்புறம், குடுகுடுப்பையில் இன்று ஒரு பிழை கண்டுபிடித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மெசேஜே போகாது போலிருக்கிறது. எவ்வளவு பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. மெஷினிடம் கேட்கவில்லை. நாளைக்கு நீ பார்த்துக் கொடு.

சாப்பிட்டாயா?

அப்பா


பெங்களூர்
21 செப்டம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம். நிஜமாகவே சுகம். தலைக்கு எண்ணெய்கூட வைத்திருக்கிறேன், அம்மாவிடம் தைரியமாகச் சொல்லலாம். சாப்பிட்டாயிற்று. தீபாவளிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன், கருவாடு டப்பாவிலேயே இருக்கட்டும்.

பிழையைப் பார்த்தேன். "இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் சும்மா இரு" என்று உள்ளே ஒரு வரி இருக்கிறது. அதைச் சேர்த்தவர் பெயர் குழந்தைசாமி. சேர்த்தது நேற்றுச் சாயங்காலம், எனக்கு மெயில் போடுவதற்குச் சரியாகப் பத்து நிமிஷம் முன்னால். எல்லாம் பதிவாகும் என்று எனக்கே எழுதிவிட்டு இப்படியா அப்பா மாட்டிக்கொள்வீர்கள்?

அந்த வரியை அழித்துவிட்டேன். அப்பாவைக் கேட்கவில்லை. நாளைக் காலை டீ குடிக்கும்போது என் பக்கத்தைத் திறந்து பாருங்கள், ஒரு பச்சைக் கட்டம் இருக்கும்.

இந்த வாரப் பிழை ரொம்பச் சுலபம். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குக் கொஞ்சம் கஷ்டமாக எதையாவது கெடுத்து வையுங்கள்.

அன்புடன்,
வைஷ்ணவி